காசு கரைகிற நேரம் பதினொன்று முதல் மூன்று வரை: மட்டக்களப்புக்கு முதுகுப்பையோடு வருகிறவர்களுக்கு

என் வீட்டுக்காரர் கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளை வந்து போகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணம், ஹற்றன், கொழும்பு, மதுரையிலிருந்துகூட பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். கேற்றைத் திறந்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அன்ரி, கையில காசு குறைவு. மூணு நாள் சமாளிக்கலாமா?"

சமாளிக்கலாம். வராந்தாவில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டே நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போன பிள்ளை, பதினொன்றரைக்கு முகம் சிவந்து ஓட்டோவில் வந்து இறங்கும். சைக்கிள் பின்னால் கட்டியிருக்கும். கையில் பாதி குடித்த சோடாப் போத்தல். அறைக்குள் போய்ப் பத்து நிமிசத்தில் வெளியே வந்து, "ஏசி உள்ள சாப்பாட்டுக் கடை எங்க அன்ரி இருக்கு?" என்று கேட்கும். அதுவரைக்கும் அன்றைக்கு ஒரு தேத்தண்ணிக் காசுதான் செலவாகியிருக்கும். அடுத்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு நாள் அறை வாடகை போய்விடும்.

ஆகவே இங்கே வரமுதல் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை எங்கே இருக்கப் போகிறீர்கள்? மற்றதெல்லாம் மறுகா பார்க்கலாம். 'மறுகா' என்றால் எங்கள் ஊரில் 'பிறகு'. ஐந்து நிமிசமும் மறுகாதான், அடுத்த வருசமும் மறுகாதான். யாராவது "மறுகா வாங்க" என்று சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எந்த நேரம் எங்கே போவது என்பதற்கு வேறு நேரசூசி தேவையில்லை, ஊரின் பெயர்களே போதும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை, சூரியன் படுகிற பக்கம். காலையில் கடல், மாலையில் வாவி, நடுவில் நிழல்.

விலையை எதால் அளப்பது

ரூபாயில் விலை எழுத எனக்கு விருப்பமில்லை. 2022இல் சோற்றுப் பார்சல் விலை மாதத்துக்கு மாதம் ஏறினதைப் பார்த்தவள் நான். இன்றைக்கு எழுதினது ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். வந்த அன்றே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் மத்தியான மீன் பார்சல் என்ன விலை என்று கேளுங்கள். இனி அதுதான் உங்கள் முழக்கோல்.

மின்விசிறி உள்ள, இரண்டு பேர் படுக்கிற அறை ஏழெட்டுப் பார்சலுக்குள் இருந்தால் நியாயமான விலை. பத்தைத் தாண்டினால் ஏசியோ காலைச் சாப்பாடோ அதற்குள் அடங்க வேண்டும். ஒரு பார்சல் காசுக்கு ஓட்டோவில் நாலைந்து கிலோமீட்டர் போகலாம். அதே காசுக்குப் பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்குப் போய்த் திரும்பி வரலாம். இந்தப் பந்தியை வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை.

எப்போது வருவது, எப்படி வருவது

மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் சுகம். ஐப்பசிக் கடைசியில் மாரி தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளமும் வரும், கடலும் கலங்கிக் கிடக்கும். அந்த நேரம் வந்தால் அறை மலிவு, ஆனால் அறைக்குள்ளேயே இருக்க வேண்டி வரும். வைகாசி தாண்டினால் கச்சான் காற்று. மேற்கே மலையைக் கடந்து ஈரமெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்த சூடாக எங்களிடம் வருகிற காற்று அது. அந்த மாதங்களில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மத்தியானம் அடுப்பு மாதிரி இருக்கும். கடல் குளிக்க வருகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம், மத்தியானத்தைச் சமாளிக்கத் தெரிந்தால்.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அந்தக் கிழமை நகரில் அறை கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே பேசி வையுங்கள், அல்லது ஒரு கிழமை தள்ளி வாருங்கள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ரயிலைப் பிடியுங்கள். கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலையில் ஏறினால் உதயதேவி. மாகோ, கல்லோயா, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று சுற்றி வந்து சேர எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். கல்லோயாப் பக்கத்தில் யானை தண்டவாளத்தில் ஏறும் என்பதால் வேகத்தைக் குறைப்பார்கள், பிந்தினால் எரிச்சல்படாதீர்கள். மூன்றாம் வகுப்புக்கு இரண்டு மூன்று பார்சல் காசுதான் வரும். இரவு ரயிலில் வந்தால் ஒரு இரவு வாடகை மிச்சம். ஆனால் தூங்காமல் வந்து அன்றைய வெயிலில் அலைந்தால் அந்த மிச்சம் மத்தியானத்தில் கரைந்துவிடும். இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பையை வைத்துவிட்டு, குளித்து, பத்து மணிக்கே படுத்துவிடுங்கள்.

முதலில் கூரையைப் பாருங்கள்

அறையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதில் நானே பிழை விட்டவள்.

இரண்டாவது அறை கட்டும்போது கையில் காசு முடிந்துபோனது. கூரைக்குத் தகரத்தைப் போட்டு முடித்தேன். முதல் ஆளாக ஹற்றன் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார், குளிரில் வளர்ந்த பிள்ளை. "பாதிக் காசு தந்தா போதும் மகன்" என்று அந்த அறையைக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்த மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. மத்தியானம் தகரம் சூட்டில் விரிந்து 'டக், டக்' என்று வெடிக்கிற சத்தம் குசினிக்குக் கேட்டது. விசிறி என்ன செய்யும்? மேலே தேங்கின சூட்டை அள்ளி அள்ளிக் கீழே கொட்டியது. இரவு ஒரு மணிக்கு எழும்பிப் பார்த்தால், தம்பி பாயைக் கொண்டுவந்து வராந்தாவில் எங்கள் நாய்க்குப் பக்கத்தில் போட்டுப் படுத்திருக்கிறார். கால் முழுக்க நுளம்புக் கடி. காலையில் ஒன்றுமே சொல்லவில்லை. "நல்லா இருந்திச்சு அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போய், மிச்ச இரண்டு இரவுக்கும் வேறிடத்தில் ஏசி அறை எடுத்துவிட்டார். நான் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நினைத்த காசைப்போல் மூன்று மடங்கு அவருக்குப் போயிருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த மாதம் தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, மேலே கிடுகு, அதாவது பின்னின தென்னோலை, பரப்பினேன். இப்போது அதுதான் இரண்டில் குளிரான அறை.

அதனால் விலை கேட்கமுதல் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். வெறும் தகரம், வெறும் சீற் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஓட்டுக் கூரையும் சீலிங்கும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கொங்கிரீட் மேல் மாடி ஏமாற்றும். பகலில் காட்டிக்கொள்ளாது, இரவு பத்து மணிக்குப் பிறகு, குடித்த வெயிலையெல்லாம் கக்கும். மாடி வீடென்றால் கீழ் அறை கேளுங்கள். யன்னல் கிழக்கே இருந்தால் பின்னேரம் கடற்காற்று உள்ளே வரும். நுளம்பு வலை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டை வலையைவிட நுளம்புத் திரி மேல். டெங்கு எங்கள் ஊரில் விளையாட்டில்லை.

எந்தப் பகுதியில் தங்குவது என்று கேட்டால் நான் கல்லடி என்றுதான் சொல்வேன், என் வீடு இங்கே என்பதற்காக மட்டுமில்லை. கல்லடி ஒரு ஒடுங்கிய மணல் துண்டு. ஒரு பக்கம் கொஞ்சம் நடந்தால் கடல், மறு பக்கம் கொஞ்சம் நடந்தால் வாவி. நகர நடுவான புளியந்தீவில் தங்கினால் பஸ் நிலையம் காலடியில், வங்கியும் கடையும் பக்கத்தில். ஒரு இரவு மட்டும் தங்கி விடியப் போகிறவர்களுக்கு அது வசதி. பாசிக்குடாவில் தங்க நினைக்கிறவர்கள் பாதி நாளுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், அங்கே கரையில் நிற்பதெல்லாம் பெரிய ஹோட்டல்கள்.

இணையத்தில் பார்த்துப் பதிவு செய்தால் ஒரு இரவுக்கு மட்டும் செய்யுங்கள். அறை பிடித்திருந்தால் மறுநாள் காலையில் வீட்டு ஆட்களிடம் நேரே பேசுங்கள். எங்களுக்குத் தரகுக் காசு மிச்சம், அதில் பாதியைக் குறைத்துக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பையில் என்ன? பருத்த துவாயைக் கொண்டுவராதீர்கள், காயாது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் (லுங்கி) ஒன்று வாங்குங்கள், கல்முனைப் பக்கம் போனால் நெய்கிற ஊரிலேயே வாங்கலாம். துடைக்க, போர்க்க, விரிக்க, கடற்கரையில் உடுப்பு மாற்ற எல்லாத்துக்கும் அது ஒன்று போதும். ஒரு குடை, மழைக்கில்லை, வெயிலுக்கு. ஒரு பெரிய தண்ணிப் போத்தல். நகரத்துப் பைப்பில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி. வீட்டில் கொதிக்க வைத்து ஆறினதை நிரப்பித் தரக் கேளுங்கள், எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். போத்தல் தண்ணி வாங்கியே ஒரு நாளைக்கு ஒரு பார்சல் காசைக் குடித்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

காலை: எழுவான்கரை

ஐந்தரைக்கு எழும்புங்கள். இது மட்டும் கட்டாயம். கல்லடிக் கடற்கரைக்கு நடந்து போனால் சூரியன் நேரே தண்ணிக்குள்ளிருந்து ஏறுவதைப் பார்க்கலாம். அங்கே திருச்செந்தூர் முருகன் கோயில் இருக்கிறது, 2004 மார்கழி 26இல் சுனாமி வந்தபோது கோபுரம் சாய்ந்த கோயில். அந்தக் கரையில், நாவலடி வரைக்கும், யாரையும் இழக்காத வீடு குறைவு. நினைவுத்தூணடியில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

கரைவலை இழுக்கிற நாளென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தோணி வலையை வளைத்துக் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கும். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினைந்து இருபது பேர் பின்பக்கமாக நடப்பார்கள். குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒருவர் வலை இழுக்கிற அம்பாப் பாட்டு எடுக்க மற்றவர்கள் அதற்கு இழுப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிவிட்டு முன்னால் ஓடிப்போய்த் திரும்பவும் பிடிப்பார். போய்ப் பிடியுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஐந்து நிமிசத்தில் உள்ளங்கை எரியும். வலைமடி கரைக்கு வரும்போது உள்ளே வெள்ளிக் காசைக் கொட்டின மாதிரி கீரி, சூடை, காரல் மீன்கள் துள்ளும், இடையில் ஒரு நண்டு கோபத்தோடு நடந்து போகும். இழுத்த கைக்கு ஒரு பிடி மீன் தருவார்கள். சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துத் தருவேன், எண்ணெய்க் காசுகூட வாங்கியதில்லை.

குளிப்பதைப் பற்றி: கல்லடி திறந்த கடல். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் மட்டும், இடுப்பளவுக்குள் நில்லுங்கள். முகத்துவாரத்தில், வாவி கடலோடு சேருகிற இடத்தில், காலை நனைக்கவும் வேண்டாம்.

எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தெருமுனைக் கடையில் இடியப்பம் பத்து, சொதி, சம்பல். அல்லது பிட்டும் மீன் குழம்பும். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சின்ன அகராதி: 'பாண்' என்றால் நீங்கள் சொல்கிற பிரெட். 'பிளேன்டீ' பால் இல்லாத தேநீர், அதற்குத்தான் விலை குறைவு. 'பணிஸ்' பன். 'ஆணம்' குழம்பு. 'நுளம்பு' கொசு. 'கச்சான்' வேர்க்கடலையும்தான், காற்றும்தான்.

எட்டிலிருந்து பத்தரை வரை சைக்கிள். ஊர் பாய் விரித்த மாதிரி தட்டை, மேடே கிடையாது. தங்குகிற வீட்டில் கேட்டால் அரைப் பார்சல், ஒரு பார்சல் காசுக்கு நாள் முழுக்கத் தருவார்கள். பழைய கல்லடிப் பாலத்தால் போங்கள். 1924இல் ஆங்கிலேயர் கட்டிய இரும்புப் பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதற்குப் போய்விட்டன, பழையது இப்போது நடக்கிறவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும். அப்படியே புளியந்தீவு. காந்திப் பூங்கா, வாவிக்கரை, கோட்டை. போர்த்துக்கீசர் 1628இல் கட்டின கோட்டையைப் பத்து வருசத்தில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். வெகுகாலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அதற்குள்ளேதான் இயங்கியது, என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு அம்மா அந்த வாசலில் அரை நாள் நின்றாராம். இன்னும் தெம்பிருந்தால் பார் வீதியால் வெளிச்சவீடு வரை, அது 1913இல் கட்டினது. திரும்பும் வழியில் மாமாங்கம். காலையில் போனால் குளத்தடியில் நிழல் இருக்கும்.

பத்தரைக்கு வீட்டை நோக்கித் திரும்பிவிட வேண்டும். "இன்னும் ஒரு இடம் பாத்திட்டுப் போவம்" என்று நினைத்தவர்கள்தான் என் வீட்டுக்காரரின் ஓட்டோவில் வந்து இறங்குகிறவர்கள்.

மத்தியானம்

வரும் வழியிலேயே பார்சலை வாங்குங்கள். பன்னிரண்டுக்கு வாங்கினால் நல்ல மீன் துண்டு, ஒன்றரைக்குப் போனால் தலையும் வாலும். மரக்கறி மலிவு, பிறகு முட்டை, பிறகு மீன், கடைசியில் கோழி. மீன்தான் எடுக்க வேண்டும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் பண்ணைக் கோழி தின்பானேன்? "சொதி தனியாக் கட்டுங்க" என்று சொல்லுங்கள், சோறு ஊறாது. இலங்கைப் பார்சல் சின்ன வயிற்றுக்கு இரண்டு நேரச் சாப்பாடு. இரண்டு பேர் வந்தால் ஒரு பார்சலும் ஒரு மீன் பொரியலும் வாங்கிப் பகிர்ந்து பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிர். மண் சட்டியில், கவிழ்த்தாலும் விழாத கட்டியாக, மேலே மஞ்சள் ஆடையோடு இருக்கும். சின்னச் சட்டி ஒன்று, கொஞ்சம் சீனி. குளிர்பானம் இரண்டு வாங்குகிற காசுக்கு இது உடம்பைக் குளிர்விக்கும். சித்திரை, வைகாசியில் வந்தால் மரமுந்திரிகைப் பழம் கிடைக்கும். உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள், சாறு உடுப்பில் பட்டால் போகாது.

பிறகு படுங்கள். வேறு வேலை இல்லை. கதவையும் கிழக்கு யன்னலையும் திறந்து, சாரத்தை நனைத்துப் பிழிந்து யன்னலில் தொங்கவிட்டு, நிலத்தில் பாயைப் போட்டுப் படுங்கள். சீமெந்துத் தரையில் படுத்தால் முதுகு குளிரும். கட்டிலில் படுத்தால் மெத்தை சூடு. படுக்கப் பிடிக்காதவர்கள் பொது நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகை வாசிக்கலாம். இல்லாவிட்டால் என்னோடு வராந்தாவில் இருந்து கதைக்கலாம், கீரை ஆய வேண்டி வரும்.

மாலை: வாவி

மூன்றரைக்குத் தேத்தண்ணி. நாலுக்குப் புறப்படலாம்.

எனக்கு மிகப் பிடித்த மலிவான பயணம் மண்டூருக்கு. கல்முனைப் பஸ்ஸில் ஏறிக் களுவாஞ்சிகுடியில் இறங்கி, குருமன்வெளித் துறைக்குப் போனால் அங்கே 'பாதை' நிற்கும். பாதை என்றதும் ரோட்டைத் தேடாதீர்கள், ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் எங்களிடம் அந்தப் பெயர். அக்கரையில் மண்டூர் முருகன், சின்னக் கதிர்காமம் என்பார்கள், வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயில். பாதையில் நிற்கும்போது நீர்க்காகம் தலையை மட்டும் தண்ணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும், வீச்சு வலைக்காரர் முழங்கால் தண்ணியில் நின்று வட்டமாக விசிறுவார். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள். அதை விட்டால் சுற்றிவர வேண்டும், சுற்றிவருவது ஓட்டோக் காசு.

கால் பலமுள்ளவர்கள் சைக்கிளில் ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போகலாம். 2014இல் பாலம் வரும்வரைக்கும் அங்கேயும் பாதைதான். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் கல் நந்தி புல் தின்று எழும்பினதைக் கண்டு போர்த்துக்கீசர் ஓடின கதையைக் கோயில் வாசலில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு. சடங்கு நிறைவாகிற குளிர்த்தி அன்றைக்கு விடிய விடியச் சனம். ஆண்கள் மேல் சட்டையைக் கழற்றி வேட்டியோடு, பெண்கள் மூடின உடுப்போடு போனால் யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள். சாப்பிடாமல் அனுப்பவும் மாட்டார்கள். ஊருக்குள் எங்காவது வடமோடி, தென்மோடிக் கூத்து நடக்கிறதென்று கேள்விப்பட்டால் பாயோடு போங்கள், அது இரவு முழுக்க. ஒரு இரவு வாடகை மிச்சம்.

பாடும் மீன் கேட்க ஆசைப்படாத ஆள் இல்லை. நிலவு நாளில், சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய் எஞ்சினை நிறுத்த வேண்டும். துடுப்பைத் தண்ணிக்குள் இறக்கி அதன் மறுமுனையைக் காதில் வைத்தால், ஈரக் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை விரலால் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். மீன் என்பார்கள் சிலர், ஊரி என்கிற நத்தை என்பார்கள் சிலர். நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன், எட்டுத் தடவை வெறுங்கையோடு வந்திருக்கிறேன். தோணிக்காரரிடம் முதலே விலை பேசுங்கள், நாலு பேராகச் சேர்ந்து போங்கள், மீன் பாடாவிட்டாலும் காசு கொடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முஸ்லிம் ஊரான காத்தான்குடி. கல்லடியிலிருந்து பஸ்ஸில் சில நிமிசம், தெரு நடுவில் பேரீச்ச மரங்கள் தொடங்கினால் வந்துவிட்டீர்கள். கொத்து ரொட்டி ஒன்று இரண்டு பேருக்குக் காணும், வட்டிலப்பம் என்கிற இனிப்புக் கட்டாயம். கட்டைக் காற்சட்டையோடு போகாதீர்கள். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும்.

பாசிக்குடா

ஒரு முழுக் காலையை இதற்கு ஒதுக்குங்கள். ஆறு மணிக்கே வாழைச்சேனைப் பஸ்ஸில் ஏறுங்கள். ஏறாவூர், செங்கலடி, கிரான் தாண்டி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. வாழைச்சேனையிலிருந்து மிச்ச ஐந்து கிலோமீட்டருக்கு உள்ளூர்ப் பஸ், அல்லது இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓட்டோ. இங்கே ஓட்டோ எடுப்பது வீண்செலவில்லை, நடந்தால் குளிக்கிற நேரம் போய்விடும். கடல் குடாவாக வளைந்து கிடக்கும், வெளியே முருகைக்கல் (பவளப்பாறை) அலையைத் தடுத்துக்கொள்ளும். நூறு மீட்டருக்கு மேல் நடந்தும் தண்ணி இடுப்புக்கு வராது. நீச்சல் தெரியாதவர்கள் குளிக்க எங்கள் கரையில் இதைவிட நல்ல இடமில்லை. பொதுக் கடற்கரைப் பக்கம் போங்கள், சாப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள், பத்தரைக்குக் கரையேறுங்கள்.

பின்னேரம் போவோம் என்று ஒரு முறை தங்கச்சியின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்குப் போனேன். பிள்ளைகள் தண்ணியை விட்டு வர மாட்டேன் என்றார்கள். வாழைச்சேனைக்கு வந்தபோது பஸ் இல்லை. ஓட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். ஓட்டோக்காரன் பெண்சாதி ஓட்டோவுக்குக் கொடுத்த காசைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசப்படுகிறது.

தனியாக வருகிற பிள்ளைகளுக்கு

தங்கச்சிமார் தனியாக வரலாம், என் அறைகளில் பாதி நாள் பெண் பிள்ளைகள்தான். கடலில் டீ சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக் குளியுங்கள். எங்கள் பெண்களும் அப்படித்தான் குளிக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருட்டின பிறகு கடற்கரைக்குத் தனியே வேண்டாம். குடும்பம் இருக்கிற வீட்டில் அறை எடுங்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் பிந்தினால் அவரே போன் எடுப்பார், அது தொந்தரவு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போயா என்கிற முழுநிலவு நாளில் மதுக்கடை பூட்டு; என் வீட்டில் எல்லா நாளும் பூட்டு.

தெற்கே போகிறவர்கள்

அலைச்சறுக்கு ஆசை உள்ளவர்கள் இங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போய், அறுகம் குடாவில் ஓரிரண்டு நாள் நிற்பார்கள். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பஸ்ஸில் போகலாம், காலையிலேயே ஏறுங்கள். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அங்கே அலைக்காலம், அந்த மாதங்களில் அறை வாடகை எங்களைவிடக் கூட. வழியில் காரைதீவு வரும், விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். அவருடைய சமாதி எங்கள் கல்லடி உப்போடையில்தான் இருக்கிறது, சைக்கிளில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

கொழும்புக்குத் திரும்புகிறவர்களுக்கு ரயில் விடிகாலையில். கல்லடியிலிருந்து நிலையம் மூன்று நாலு கிலோமீட்டர், அந்த நேரம் பஸ்ஸை நம்ப முடியாது, முதுகுப்பையோடு நடந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது. இதற்கு மட்டும் ஓட்டோ எடுங்கள், ஒரு பார்சல் காசு. முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள். படுத்த பிறகு சொன்னால் இவர் எழும்ப மாட்டார்.